மங்களத்தின் மேல் ஏறிய எடை

தாரணி உடம்பில் குறைந்த எடையெல்லாம் அவள் அம்மா மங்களத்தின் மேல் ஏறியது. மகளிடம் கிலோவாகக் குறைந்தது அம்மாவிடம் மூட்டையாக ஏறியது. காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். தக்காளி விலையைப் பற்றித்தான் இதைவிட அதிகம் பேசிக்கொண்டார்கள். பார்ப்பதற்கு மங்களம் முன்போலவே முருங்கைக்காய் மாதிரிதான் இருந்தாள். புருஷன் எத்திராஜின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் வண்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது.

நிச்சயதார்த்தத்தன்று ஆரம்பித்த வினை இது. மல்லேஸ்வரத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா காந்தா, பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாம் லட்சணமாத்தான் இருக்கு. ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் இளைச்சுட்டா போட்டோவுல எடுப்பா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, தட்டிலிருந்து இன்னொரு ஒப்பட்டுப் போளியை எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஹரிஷ்குமார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டே சொல்கிற சொல்லுக்குத்தான் நம் ஊரில் விஷம் அதிகம். மறுநாளே மங்களம் தையல்காரரிடம் போய், முகூர்த்த ப்ளவுஸுக்கு மகளின் அளவைக் கொடுக்காமல், கல்யாணத்துக்குள் மகள் எந்த அளவுக்கு வர வேண்டுமோ அதைக் கொடுத்துவிட்டு வந்தாள். உடம்புக்குத் துணி தைத்த காலம் போய், துணிக்கு உடம்பைத் தைக்கிற காலம். பாசத்தில் அம்மாக்கள் செய்கிற தப்புதான்.

தாரணி காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி வெந்நீர் என்று இறங்கினாள். ஆபீஸில் எல்லோரும் சூப்பர் என்றார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதை யாரும் கவனிக்கவில்லை. அவள் இளைக்க இளைக்க, வீட்டில் மங்களத்தின் கட்டில் முறிந்தது. தரையில் பாய் விரித்தார்கள்; டைல்ஸ் விரிசல் விட்டது. டாக்டர் எடை மெஷினைப் பார்த்தார், மங்களத்தைப் பார்க்கவில்லை. சோற்றைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது எத்திராஜ்தான். ஒருநாள் தாரணி பஸ்ஸில் மயங்கி விழ, பக்கத்தில் இருந்தவர்கள் இளநீரும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்நேரம் வீட்டில் மங்களம் தானாக எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தாள். மறுநாள் மகள் வெள்ளரிக்காய்க்குத் திரும்பியதும் அம்மா மறுபடி தரையோடு அழுந்தினாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து எத்திராஜ் மகள் எதிரிலேயே சொன்னபோது மங்களம் சத்தியம் பண்ணி மறுத்தாள். ஒப்புக்கொண்டால் மகள் சாப்பிட்டுவிடுவாளோ என்று அவளுக்குப் பயம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மங்களத்துக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தெரு ஆண்பிள்ளைகள் சேர்ந்தும் அவளைத் தூக்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சர் வளைந்துபோனதும் ஆம்புலன்ஸ்காரர்கள் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார்கள். அவளுக்குக் கீழே தரை குழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. தாரணி சமையலறைக்குப் போய், அப்பாவுக்கு எடுத்துவைத்திருந்த சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேணாண்டி," என்றாள் மங்களம். பேசவே மூச்சு போதவில்லை. "இன்னும் ஒரு வாரம்தான். ப்ளவுஸ் கை ஏறாது. நான் தாங்கிக்கறேன்."

"நீ தாங்கினது போதும்மா."

முதல் கவளம் இறங்கவில்லை. பட்டினி கிடந்த தொண்டை, அழுகை வேறு. தாரணி அழுதுகொண்டே சாப்பிட்டாள். தட்டைத் தட்டிவிட மங்களம் கையைத் தூக்கப் பார்த்தாள், கை எழவில்லை. பாதிச் சோறு உள்ளே போனபோது எழுந்தது. எழுந்த கை தட்டைத் தொடவில்லை. தண்ணீர்ச் சொம்பை மகள் பக்கம் நகர்த்தி வைத்தது.

சேதி கேட்டு மகனோடு வந்த காந்தா, முகம் தெளிந்திருந்த தாரணியைப் பார்த்து, இன்னும் நாள் இருக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்றாள்.

"குறைச்சுக்கறேன் அத்தை. உங்க வீட்ல அதை யாரு தாங்குவீங்க?"

தாரணி கேலியாகக் கேட்கவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். காந்தா மகனைப் பார்த்தாள். மகன் தரையில் இருந்த குழியைப் பார்த்தான். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது, ப்ளவுஸின் முதுகை ஊக்கு குத்தி மறைத்தார்கள்.

இப்போது அந்தத் தெருவில் யாராவது டயட் என்று பேச்செடுத்தால், வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, யார் மேல் ஏறட்டும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் யாரும் முன்வருவதில்லை. தட்டைப் போட்டுச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.