உடைக்கச் சொன்ன பூட்டு

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் வெகுநாளாயிற்று. சிக்கனம் என்றால்தான் தெரியும். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஓட்டுவான். ஓட்டிவிட்டு, கையில் ஒட்டியிருந்த பருக்கை எங்கே விழுந்தது என்று தேடுவான். தொழில், பூட்டு மாற்றுவது. கதவோடு பதிந்த பூட்டுகளில், உள்பக்கமும் வெளிப்பக்கமும் சாவி நுழைகிற பித்தளைத் துண்டை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்று பொருத்துவான். அதற்குத் தொழிலில் சிலிண்டர் என்று பேர். சிலிண்டர் மாற்றணுமா என்று போனில் கேட்டால், கேஸ் இன்னும் தீரவில்லை என்று பாதிப் பேர் வைத்துவிடுவார்கள்.

அன்றைக்கு அவனைக் கூப்பிட்டது ஒரு டீச்சரம்மா. கணவரைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். கதவைப் பார்த்தால் பூட்டில் ஒரு குறையும் இல்லை. விரல் பட்டாலே சாவி திரும்பியது. நல்லாத்தானே இருக்கு, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டு வைத்தான். கேட்டது பேச்சுக்குத்தான். வந்த வேலையை யார் விடுவார்கள்?

அவள் மறைக்காமல் சொன்னாள். கணவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவர் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்களாம். கண்ணாடி வந்தது, கைக்கடிகாரம் வந்தது, பெல்ட் கூட வந்தது. வீட்டுச் சாவி மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு, அவர் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குத் தினமும் கதவு திறக்கிறது. மூடுகிறது. உள்ளேயிருந்து பூட்டிக்கொள்கிறது. கூடத்து நாற்காலியில் யாரோ உட்காருகிறார்கள். முதலில் அழுதாள், பிறகு பேசிப் பார்த்தாள், இப்போது பயமாக இருக்கிறதாம்.

"கெட்டவரு இல்லைங்க அவரு. ஆனா போனவங்க போகணும் இல்லையா? நானும் எத்தனை நாளைக்குத்தான் தாங்குவேன்? இந்தப் பழசை எடுத்துட்டுப் போய் உடைச்சிடுங்க."

சரிங்கம்மா என்றான் சிக்கனம். கதவின் விளிம்பிலிருந்த நீள ஸ்க்ரூவைக் கழற்றினான். சாவியைப் போட்டு லேசாகத் திருப்பிப் பிடித்து இழுத்ததும் சிலிண்டர் சமர்த்தாகக் கையோடு வந்துவிட்டது. புதியதைப் பொருத்தி, கதவு திறந்திருக்கும்போதே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, சாவிகளைக் கொடுத்தான். பழைய சாவிகள் இரண்டையும் அவளே அவன் கையில் திணித்தாள்.

தெருவுக்கு வந்ததும் பழசை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தான். முழுப் பித்தளை. ஒரு தேய்மானம் இல்லை. இதைப் போய் உடைக்கச் சொல்கிறாளே! தனியாக இருந்தால் மனசு என்னவெல்லாமோ நினைக்கும், பாவம் என்று அவளுக்காக இரக்கப்பட்டு, சிலிண்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவன் வீட்டுப் பூட்டோ ஒரு தீராத வியாதிக்காரன். மனைவிக்கு லாண்டரியில் மத்தியான ஷிப்ட். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பாப்பாதான் தானாகத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். ஒருநாள் சாவி மாட்டிக்கொண்டு, குழந்தை இருட்டுகிறவரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தது. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழனிப்பானையில் துள்ளி என்று மனைவி பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? எனவே டீச்சரம்மா வீட்டுச் சிலிண்டர் அன்று மாலையே இந்தக் கதவில் ஏறியது. அளவு அப்படியே பொருந்திப்போயிற்று. மனைவிக்கு ஒரே ஆச்சரியம். ஒரு சாவியை ரிப்பனில் கோத்துப் பாப்பாவின் பையில் கட்டிவிட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு வேலை தள்ளிப்போனதால் சிக்கனம் சீக்கிரமே வீடு திரும்பினான். பாப்பா கூடத்துத் தரையில் நோட்டைப் பரப்பிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்று அவன் தண்ணீர் குடிக்கும்போது, பாப்பா தன் பென்சில் டப்பாவைச் சற்று ஓரமாகத் தள்ளி வைத்தாள், யாருக்கோ வழி விடுவதுபோல.

கதவில் சாவி நுழைந்தது. பூட்டுக்காரன் காதுக்குத் தப்பான சாவி வேறு, சரியான சாவி வேறு. இது சரியான சாவி. திரும்பியது. கதவு திறந்தது. வாசலில் யாரும் இல்லை. கதவு மெல்ல மூடிக்கொண்டது, உள்பக்கம் பூட்டு விழுந்தது, பிரம்பு நாற்காலி முனகியது.

"அவருதாம்பா," என்றாள் பாப்பா, தலையைத் தூக்காமலே. "தினமும் வருவாரு. நீ வர்றதுக்குள்ள உள் ரூமுக்குப் போயிடுவாரு. நேத்துதான் பேசினாரு. டீச்சர் எங்கேன்னு கேட்டாரு. தெரியாதுன்னு சொன்னேன். அப்போ இனிமே நீதான் எனக்குப் பொண்ணான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"நாளைக்குச் சொல்றேன்னேன்."

அதற்குமேல் அவன் அங்கே நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தான். ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் கருவிப் பையையும் அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தான். சத்தியமாக, அந்த டீச்சரம்மாவின் காலில் விழவும் தயாராக இருந்தான். குழந்தையைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே வைத்து, வாசலுக்கு வெளியே மண்டியிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினான். நாற்காலிப் பக்கம் பார்க்கவே இல்லை. வேறொருவருக்கென்று வாங்கி வைத்திருந்த புத்தம்புதுச் சிலிண்டரைப் பெட்டியிலிருந்து உரித்துப் பொருத்தினான். அதே கம்பெனி, சாவி நுழைகிற அதே பள்ளம், பற்கள் மட்டும் வேறு. தனக்கென்று அவன் புதுச்சாமான் எடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பழசைப் படியில் வைத்துச் சுத்தியலால் அடித்த அடியில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் கீழ்த்தளம்வரை தெறித்தன. கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான். அப்போதுதான் மூச்சு வந்தது.

"முடிஞ்சுது பாப்பா. இனிமே அவரு சாவி இதுல செல்லாது."

பாப்பா கதவையே பார்த்தாள்.

"அப்போ அவரு எப்படிப்பா வெளிய வருவாரு?"

இத்தனை வருஷத் தொழிலில் சிக்கனம் பூட்டு மாற்றியதெல்லாம் வெளியே இருப்பவன் உள்ளே வராமல் இருக்கத்தான். உள்ளே உட்கார்ந்திருந்தவரை நினைக்கவே இல்லை.

கதவின் அந்தப் பக்கம் சாவி நுழைகிற சத்தம் கேட்டது. நுழைந்தது, ஆனால் திரும்பவில்லை. உருவி எடுத்து, மறுபடி செருகி, மறுபடி திருப்பிப் பார்த்தார். அவசரமே இல்லை. பிறகு சாவியை அப்படியே விட்டுவிட்டுக் காலடி விலகியது. நாற்காலி முனகியது.

திறந்துவிட்டுவிடுவோம், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவோம் என்று சிக்கனம் தன் சாவியைச் செருகினான். அது பாதியில் நின்றுவிட்டது. இந்த வகைப் பூட்டில் உள்பக்கம் சாவி இருந்தால் வெளிச்சாவி முழுதாகப் போகாது. ஊரில் பாதிப் பேருக்கு அவனே சொல்லிக்கொடுத்த விஷயம் அது. ராத்திரி உள்பக்கம் சாவியைச் செருகியே வையுங்கள், எவனும் திறக்க முடியாது என்பான்.

படியில் மனைவியின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. ஏன் ரெண்டு பேரும் வெளியே நிற்கிறீர்கள் என்று கீழேயிருந்தே கேட்டுக்கொண்டு வந்தாள். வேறு வழி தெரியாமல் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினான்.

வெறுங்கால் நடை மெதுவாக வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றது. வேலை முடிந்து களைத்து வந்து உட்கார்ந்த ஒரு வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"யாருங்க அது?"