ஒரு கையால் மடங்கும் பலகை

1.

குழாய்க்கு வாஷர் வாங்கப் போன இடத்தில் இந்தக் கதை எனக்கு இலவசமாகக் கிடைத்தது. வாஷர் கிடைக்கவில்லை.

ஹார்டுவேர் கடையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சுவரில் பலகை மாட்டுவதற்கு மடக்கு பிராக்கெட் வேண்டுமாம். மாதிரிக்காக மாட்டியிருந்த ஐந்து பலகைகள் முன்னாலும் வரிசையாகப் போய் நின்றாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் ஒவ்வொன்றையும் மடக்கப் பார்த்தாள். நான்கு மசியவில்லை. ஐந்தாவது, இருப்பதிலேயே அவலட்சணமானது, மடங்கியது.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு கையும் நல்லாத்தானேம்மா இருக்கு?"

"எனக்கு இருக்கு" என்றாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைவரிசை.

2.

தொடங்கிப் பார்த்த விதங்கள்:

'மனித வாழ்வே ஒரு மடிப்புதான். விரிகிறோம், மடங்குகிறோம், இடையில்...' (அடித்துவிட்டேன். யாராவது மேடையில் எடுத்துச் சொல்லிவிடும் ஆபத்து இருந்தது.)

'ஒரு பிராக்கெட் வாங்க ஐந்து பலகையோடு மல்லுக்கட்டும் பெண்ணை நீங்கள்...' (என்னிடம் நீங்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். கிண்டல் செய்து பிழைப்பவன் என்று பெயர் வாங்கியாயிற்று. ஆனால் அந்த 'எனக்கு இருக்கு' குறுக்கே வந்து நிற்கிறது. அப்படியென்றால் யாருக்கு இல்லை?)

சரி, அவளுக்கு ஒரு கணவனைக் கொடுக்கிறேன். மெய்ப்புத் திருத்துபவன், அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை பார்ப்பது வேலை. போன வருடம் வந்த பக்கவாதம் வலது கையை எடுத்துக்கொண்டது. கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்கிறான். பத்து மாதமாக இடது கையால் எழுதப் பழகி, இப்போதுதான் பதிப்பகம் மறுபடி தாள் அனுப்பச் சம்மதித்திருக்கிறது.*

அவளுக்கு என்ன வேலை? கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள். பயிற்சிக் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் டீச்சர். உண்மையில் அதை மிதிக்காமல் இருப்பதில்தான் அவள் கெட்டிக்காரி.

* இந்தக் கதையின் மெய்ப்பு அவனிடமே போனால் நன்றாக இருக்கும். முதல் வேலையாக 'கைவரிசை'யை வட்டம் போட்டு 'தேவையா?' என்று எழுதுவான்.

3.

வீட்டையும் சொல்லிவிட வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது. ஒரு அறை, அதிலிருந்து ஜன்னல்வரை நீளும் ஒரு குறுகிய நடை. வெளிச்சம் அந்த ஜன்னலில் மட்டும். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, பக்கச் சுவரிலிருந்து பலகையை விரித்தால் மேசை தயார். ஆனால் விரித்த பலகை நடையை அடைத்துவிடும். உள்ளே உட்கார்ந்தவன் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் பலகையை மடக்கித்தான் ஆகவேண்டும். டீச்சர் காலை ஒன்பதுக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவாள்.

ஐந்து மணி நேரம். ஒரு கை.

இந்த இடத்தில் கணவனின் அண்ணன் நுழைகிறார். குடியிருப்போர் சங்கத் தலைவர். மூன்று பேர் கூடினால் தொண்டையைச் செருமிக்கொள்வார். 'இடம் என்பது ஒரு மனநிலை' என்று ஆரம்பித்து, காபி ஆறும்வரை பேசினார். பிறகு பையிலிருந்து பளபளவென்று ஒரு ஜோடி பிராக்கெட்டை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு விசை. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மடங்கும்.

"நூறு கிலோ தாங்கும்மா. யானையே உக்காரலாம்."

"உக்காரலாம். யானைக்கு பாத்ரூம் வந்தா?"

அண்ணன் அதற்கும் ஒரு கருத்து வைத்திருந்தார். அதை எழுதிப் பார்த்தேன், ஒன்றரைப் பக்கம் வந்தது. உங்கள் மேல் இருக்கும் அக்கறையால் நீக்கிவிட்டேன்.

டீச்சர் வாங்கி வந்தது கறுப்பு பெயின்ட் அடித்த சாதாரண ஜோடி. விசை கிடையாது. பலகையை இரண்டு விரல் உயரம் தூக்கினால் பூட்டு விடுபடும், அப்படியே இறக்கிவிடலாம். முப்பது கிலோதான் தாங்கும். மெய்ப்புத் தாள் அவ்வளவு கனக்காது. அதில் இருக்கும் விஷயம் இன்னும் லேசு.

4.

இந்தப் பகுதியில் அவளைக் கோமாளியாக்கத்தான் திட்டம். துளை போடும் பெண், தூசியில் வெளுத்த தலை, அண்ணனின் ஆலோசனை... (இல்லை. வேலை செய்பவர்களை உற்றுப் பார்த்தால் இதுதான் தொல்லை. கிண்டல் வற்றிவிடுகிறது.)

கணவனை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து அவன் முழங்கைவரை அளந்து சுவரில் பென்சிலால் குறித்தாள். ட்ரில் முனையில் டேப் சுற்றி ஆழத்துக்கு அடையாளம் வைத்தாள். முதல் துளையில் வெள்ளைத் தூள் வந்தது, பூச்சு. அதற்குப் பிறகு சிவப்பு வரவேண்டும். சாம்பல் மணலாகவே கொட்டியது. இரண்டு செங்கலுக்கு நடுவில் இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அங்கேயே பிளாஸ்டிக் பிளக்கைச் செருகித் திருகாணியை முடுக்கியிருந்தால் அன்றைக்கு நிற்கும், அடுத்த மாதம் கழன்று வந்துவிடும். துளையை அடைத்தாள். எல்லாக் குறிகளையும் அழித்து, மூன்று விரல் மேலே புதிதாகப் போட்டாள். நாற்காலிக்கு ஒரு தலையணை. இந்தமுறை சிவப்பு வந்தது.

பிறகு ரசமட்டம். இரண்டு பிராக்கெட்டும் மயிரிழை பிசகினாலும், தூக்கும்போது ஒரு பக்கம் விடுபடும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். இரண்டு கை இருப்பவனுக்கு அது ஒரு முணுமுணுப்பு. இவனுக்கு அது ஐந்து மணி நேரம். குமிழி நடுக்கோட்டில் வந்து நின்ற பிறகும் மூன்று முறை பார்த்தாள்.

"ஒரு பலகைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்றார் அண்ணன். பதிலுக்கு டீச்சர் பலகையைப் பிடித்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கித் தொங்கினாள். முப்பது கிலோவுக்கு நிச்சயம் மேல்தான். பலகை அசையவில்லை. அண்ணன் காபியைக் குடித்தார்.

5.

முடிவுகள்.

(அ) பலகை பெயர்ந்து விழுகிறது. தனியாக இருக்கும் அவன்... தாள்கள் பறக்க... ஜன்னலில் ஒரு காகம்... பரிசு கிடைக்கக்கூடிய முடிவு. எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. நான்காம் பகுதியை எழுதிய பிறகு அந்தப் பலகை விழாது. எழுதுகிறவன் நான்தான்; அவள் முடுக்கிய திருகாணியை என்னால் தளர்த்த முடியவில்லை. என் கதைகளில் இவ்வளவு உறுதியாக எதையும் நான் மாட்டியதில்லை.

(ஆ) அவன் சுலபமாக மடக்குகிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள், அண்ணன் உரையாற்றுகிறார். (உரையாற்றுவார் என்பதாலேயே வேண்டாம்.)

6.

ஆகவே இவ்வளவுதான் தருகிறேன்.

மறுநாள் காலை, ஒன்பதுக்கு இன்னும் பத்து நிமிடம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். பலகை விரிந்திருக்கிறது. தாள்களை ஜன்னல் விளிம்பில் எடுத்து வைத்துவிட்டு, இடது உள்ளங்கையைப் பலகைக்கு அடியில் கொடுக்கிறான். டீச்சர் ஓர் அடி முன்னால் வந்து, நின்று, பின்வாங்குகிறாள்.

"நான் வெளிய நிக்கறேன்."

"ஏன், மார்க் போட மாட்டியா டீச்சர்?"

"பக்கத்துல இருந்தா நான்தான் ஓட்டுவேன்."

"மாட்டிக்கிட்டா?"

"கூப்பிடுங்க. கூப்பிட்டா மட்டும் வருவேன்."

கதவைச் சாத்திக்கொண்டு படியில் நிற்கிறாள். நானும் அவள் பக்கத்தில்தான் நிற்கிறேன். உள்ளே போக எனக்கும் அனுமதியில்லை. இரண்டு பூட்டும் சேர்ந்து விடுபட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒன்று முந்திக்கொண்டால் இரண்டு கேட்கும். அதுவும் இல்லையென்றால் அவள் பெயர் கேட்கும்.

அவள் வலது பாதம் படியை அழுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே பிரேக் இல்லை என்று அவளிடம் யார் சொல்வது?

உள்ளே சத்தம் கேட்டது. எத்தனை என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களும் கதவில் காதை வைத்திருந்தீர்கள். கேட்கவில்லையென்றால் அவளுடைய வலது செருப்பைப் பாருங்கள்: முன்பகுதி மெல்ல, மிக மெல்ல, படியை விட்டு எழுகிறது.