பழைய திரை

அண்ணன் ராதிமின் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டிய வோய்தா, உள்ளே போகாமல் திரையின் மூலையில் இருந்த சின்னப் பல்சக்கரக் குறியை அழுத்தினான். இரண்டு பெயர்கள் விரிந்தன. மேலே வேலேண்ட் என்ற, திரையை இயக்கும் புதிய முறை, கீழே எக்ஸ் என்ற பழையது.

"எதை அமுக்கணும்னு நான் சொல்லணுமா?" என்றாள் அண்ணன் மனைவி ஹெட்விகா. கட்டிலருகே நின்று ராதிமின் வாயோரத்தை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் குடு. முக்கால்வாசி முடிஞ்சிருச்சு."

"நேத்தும் இதைத்தான் சொன்ன."

ராதிமின் உடம்பில் இப்போது அசைவது கண்கள் மட்டும்தான். மற்றதையெல்லாம் நரம்பு நோய் மூன்றே வருடத்தில் எடுத்துக்கொண்டது. கை ஓய்வதற்கு முன்பே, கண்ணால் பார்த்து எழுத ஒரு நிரலை அவனே செய்து வைத்திருந்தான். பழைய முறையில் ஒரு நிரல் இன்னொன்றின் சாளரத்துக்குள் எழுத்தைப் போடலாம். புதியது பாதுகாப்புக்காக அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அந்தப் புதிய முறையை மெருகேற்றுவதுதான் பெர்னோ நகரில் வோய்தாவுக்கு வேலை. இதைப் பற்றியே அண்ணனும் தம்பியும் பத்து வருடம் பீர்க்கடையில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை, கணினியைப் புதியதற்கு மாற்றப்போவதாக வோய்தா சொன்னபோது ராதிம் எழுதினான்: "எனக்குப் பழசு போதும்டா. என்னைவிட ரொம்ப நாள் இருக்கும்."

"சும்மா இரு. ரெண்டு வருஷத்துல பழசே இருக்காது. அப்ப என்ன பண்ணுவ?"

ராதிம் பதில் எழுதவில்லை. அதைச் சம்மதம் என்று வோய்தா எடுத்துக்கொண்டான்.

இன்று திங்கள். அண்ணனின் நிரலைப் புதியதில் ஓட வைக்க வோய்தா மல்லுக்கட்டிய இரண்டு நாளும் திரையில் ஓர் எழுத்துகூட ஏறவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் ராதிம் ஒருமுறை இமைப்பான். ஆமாம் என்று அர்த்தம். முதுகா, தோளா, இடுப்பா என்று கேட்டு, எதற்கும் இமைக்காததால் வலி மருந்தைக் கூட்டினார்கள்.

ஹெட்விகா துணியைக் கிண்ணத்தில் போட்டாள். "ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் யாருக்கு வேணும் வோய்தா? காலையில டாக்டர் சொன்னதை நீயும்தானே கேட்ட."

அவன் பழையதை அழுத்தினான்.

எழுத்துக் கட்டங்கள் வந்தன. ராதிமின் பார்வை தேடியது, நின்றது, நழுவியது, மறுபடி நின்றது. கால் மணி நேரத்தில் ஒரு சொல் சேர்ந்தது. குதிகால்.

ஹெட்விகா போர்வையை விலக்கினாள். இடது குதிகாலுக்கடியில் மருந்துக் குழலின் பிளாஸ்டிக் மூடி கிடந்தது. அது அழுத்திய இடத்தில் கருநீலமாக ஒரு குழி. மூடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வோய்தாவின் பக்கம் திரும்பவில்லை.

அவன் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"மன்னிச்சிருடா."

ராதிம் கண்களைத் திரைக்குக் கொண்டுபோனான். ஓர் எழுத்து விழுந்தது. அதே எழுத்து இன்னொரு முறை விழுந்தது. அப்புறம் அது மட்டுமே விழுந்துகொண்டிருந்தது. மூன்று வரி நிறைந்த பிறகுதான் ஹெட்விகா ராதிமின் நெஞ்சைப் பார்த்தாள். அது ஏறி இறங்கவில்லை.

டாக்டர் வந்து தாளில் நேரம் எழுதிவிட்டுப் போனார். உடலை எடுத்துப்போக நாலு மணிக்கு வருவார்கள். ஹெட்விகா உருளைக்கிழங்கு சூப்பைக் கொதிக்க வைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி வோய்தாவின் முன்னால் தள்ளினாள்.

"குடி. நேத்துலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் ஊதாமலே குடித்தான்.