பேட்டரி முனையில் மாத்திரைத் தாள்

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். அத்துடன் டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த அத்தனை விளக்குகளும் அணைந்தன. என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார், நான்தான் வாயால் ஊதி அணைத்ததுபோல.

“காபி குடிக்க இங்க இறங்கியே ஆகணுமா உனக்கு?”

காபி கேட்டது பின்னிருக்கையில் இருந்த அவருடைய அக்கா கணவர். நான் அவரை அண்ணா என்பேன்; இவருக்கு அத்தான். வழித்துணைக்கு என்று அவரை என் கணவர் கூட்டி வந்திருந்தார். யாருக்குத் துணை என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்குள் நான் ஒரு பெரிய மருத்துவமனையில், உபகரணங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில், வேலையில் சேர்ந்தாக வேண்டும். அதுதான் கடைசி நாள். தவறினால் பட்டியலில் எனக்கு அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மாணவர்கள் எரித்து வைக்கும் மீட்டர்களைச் சரிசெய்தே காலம் போனவளுக்கு இந்த வயதில் இன்னொரு கதவு திறக்காது. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். “கார் வச்சிருக்கிறவன் பொண்டாட்டி பஸ்ல போறதா?” என்றார். என்னைத் தாமதப்படுத்தத்தான் இதைச் செய்கிறாரோ என்று இப்போது ஒரு கணம் சந்தேகம் வந்தது. உடனே போய்விட்டது. சதி செய்வதற்கும் கொஞ்சம் கைத்திறன் வேண்டும்.

இருவரும் பானட்டைத் திறந்து, இடுப்பில் கைவைத்து, உள்ளே குனிந்தார்கள். காபிக் கடைக்குச் சற்றுத் தள்ளி, சாலையோரம், டைல்ஸ் கிடங்கு ஒன்றின் மதிலருகே நின்றிருந்தோம். லாரி போகும்போதெல்லாம் இருவர் சட்டையும் பறந்தது.

“செல்ஃப் மோட்டார் போயிடுச்சு மாப்ள.”

“இல்ல அத்தான், பேட்டரி. புதுசுன்னு சொல்லி ஏமாத்திட்டான் கடைக்காரன்.”

“தண்ணி ஊத்துனியா?”

“இதுக்குத் தண்ணி ஊத்த வேண்டாம். புது மாடல்.”

“அப்ப அதான் காரணம். தண்ணியே குடிக்காம எது உயிரோட இருக்கும்?”

அண்ணா ஜன்னல் வழியே கையை விட்டு ஹாரனை அழுத்தினார். அது ஊரைக் கூட்டியது. ஹெட்லைட்டைப் போட்டார்கள், பட்டப்பகலிலும் கண் கூசியது. செத்த பேட்டரி இப்படி அலறாது என்று இருவருக்கும் தோன்றவில்லை. மறுபடி சாவி. மறுபடி ‘டக்’. மறுபடி எல்லாம் இருட்டு. சார்ஜ் குறைந்திருந்தால் விளக்கு மங்கும், இப்படி அடியோடு அணையாது. அணைந்தால், பேட்டரியில் இருப்பது வண்டிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். நடுவில் எங்கோ கை நழுவுகிறது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

எங்கே நழுவுகிறது என்பதும் எனக்குத் தெரியும். புது பேட்டரியின் முனைகள் பழையதைவிட ஒல்லி. வயர் நுனியில், முனையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் அதில் லொடலொடவென்று ஆடியது. அதை மாட்டிய அன்று என் கணவர் தன் பிரஷர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்து அலுமினியத் தாளை உரித்து, மடித்து, முனையில் சுற்றி, அதன்மேல் கிளாம்பை மாட்டினார். “பாத்துக்க, மெக்கானிக்கிட்ட போனா இதுக்கே ஒரு நாள் ஆக்குவான்” என்றார். நான் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் எந்தப் பழுதும் அவர் வாய்வழியாகத்தான் சரியாகும். “தண்ணி மோட்டார்ல காத்து அடைச்சிருக்கும்னு அன்னைக்கு நீங்க சொன்னீங்களே” என்பேன். சொல்லியே இருக்க மாட்டார். அடுத்த நொடி சொன்னவராகிவிடுவார். பிறகு அதை அவரே செய்வார், உறவுக்காரர்கள் மெச்சுவார்கள். நேராகச் சொன்னால் அதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். இதைக் குடும்பம் நடத்தும் சாமர்த்தியம் என்று என் அக்காள் பாராட்டியிருக்கிறாள்.

இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே நீட்டிக்கொண்டு, இரண்டு தடித்த முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தப்பான ஊகத்துக்கும் எனக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி பரவியது. ஒரு மனிதனை மட்டமாக நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு வசதி! எழ மனமே வரவில்லை. அந்த வசதியில் என் வேலை போய்க்கொண்டிருந்தது என்பதும் தெரிந்தேதான் இருந்தது. வேலை போனால் அதற்கும் அவரையே மட்டமாக நினைத்துக்கொள்ளலாம், ஆயுசுக்கும் போதும். இந்த எண்ணம் வந்ததும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. இறங்கிப் போனேன்.

“முனைகிட்ட ஏதோ லூஸா இருக்கலாம்னு நீங்க சொல்லிட்டிருந்தீங்களே” என்றேன், வழக்கமான குரலில்.

அண்ணா இல்லாதிருந்தால் பலித்திருக்கும். அவர் சிரித்துவிட்டார். “என்னம்மா, காலேஜ் லேப் பேட்டரின்னு நெனச்சியா?”

“அதானே” என்றார் என் கணவர். “உள்ள போய் உக்காரு. எதையும் தொடாத.”

இன்னொரு புது பேட்டரி வாங்குவதென்று முடிவாயிற்று. கடந்துவந்த ஊரில் கடை இருந்ததாம். ஒரு பேட்டரியைத் தூக்க இரண்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள். எதிர்த்திசையில் போன வேனை நிறுத்தி ஏறினார்கள். சாவி வண்டியிலேயே இருந்தது. நான் அதை என்ன செய்துவிடப் போகிறேன்!

கிளாம்பைத் தொட்டேன். சூடாக இருந்தது. கழற்றினேன். தாள் கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. முனையைத் துணியால் பளிச்சென்று தேய்த்துவிட்டு, கிளாம்பை அடிவரை அழுத்தி, டிக்கியில் கிடந்த ஸ்பேனரால் முறுக்கினேன். இன்னும் லேசாக ஆடியது. வண்டியின் ஸ்பீக்கர்களுக்காக அவர் தாராளமாகச் சுருட்டி வைத்திருந்த வயரில் ஒரு துண்டை வெட்டி, தோலை உரித்து, செம்புக் கம்பிகளை முனையைச் சுற்றி வைத்து மறுபடி முறுக்கினேன். பிடித்துக்கொண்டது.

சாவியைத் திருப்பினேன். ஓடியது.

அவருக்காகக் காத்திருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்கி வந்த பேட்டரியை மாட்டாமல் விடமாட்டார். அதற்கும் தாள் சுற்றுவார். எனக்கு ஓட்டத் தெரியும். அவர் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். கிளம்பினேன்.

பாதி தூரம் போனபின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“எங்கடி இருக்க? வண்டி எங்க?”

“ஓடிட்டிருக்கு.”

“யாரு ஓட்டுறது?”

“நான்தான். பேட்டரியோட பஸ்ல வந்துருங்க.”

“என்ன ஃபால்ட்டுன்னு கேளு மாப்ள” என்றது அண்ணாவின் குரல்.

நீங்க சொன்னதுதான் என்ற வார்த்தை பழக்கத்தில் நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“நீங்க சுத்துன மாத்திரைத் தாள்தான்.”

 அவர் நிதானமாக, அண்ணாவிடம், “நான் அப்பவே நெனச்சேன்” என்றார்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. திருத்தவும் தோன்றவில்லை. போனை அணைத்தேன்.

மருத்துவமனை வாசலில் காவலாளி காட்டிய இடத்தில் வண்டியை நிறுத்தினேன். கண்ணாடிக் கதவு வழியே தெரிந்த வரவேற்பறைக் கடிகாரத்தில் ஐந்தாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எஞ்சினை அணைத்தபின், மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா என்று ஒருமுறை பார்க்கக் கை போனது. பார்க்கவில்லை. கருத்த விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.