இரண்டாவது கோப்பை

வீங்கிய காலுக்கு இறுக்கமான காலுறையை ஏற்றுவது லேசுப்பட்ட வேலையல்ல. அன்னெலி தரையில் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். வெளியே பனி; இன்னும் சரியாக விடியவில்லை. நகராட்சியின் முதியோர் பராமரிப்பில் அவளுக்கு அன்று காலை இன்னும் பல வீடுகள் பாக்கி இருந்தன.

"மெதுவா இழு. அந்தக் கால் எனக்கு இன்னும் வேணும்," என்றார் ரூனே.

"எதுக்கு? டான்ஸ் ஆடப் போறீங்களா?"

"நீ கூட வந்தா ஆடலாம்."

ரூனே மர ஆலையில் காலமெல்லாம் உழைத்தவர். காலுறை, மாத்திரை, கஞ்சி, அவ்வளவுதான் அவள் வேலை. ஆனால் அவள் வருவதற்குள் அடுப்பில் காப்பி கொதித்து, மேசையில் இரண்டு கோப்பைகள் காத்திருக்கும். வடக்குச் சுவீடனில் காப்பியைத் தனியாகக் குடித்தால் அது குடித்த கணக்கில் சேராது. அவர் சாசரில் ஊற்றி, பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியைக் கடித்தபடி உறிஞ்சுவார். ஜன்னலுக்கு வெளியே பலகையில் விதை கொத்த வரும் சிவப்பு நெஞ்சுக் குருவிகளை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாள் முழுக்க ஓடுகிறவளுக்குத் தனக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

உள்ளே வரும்போதும் போகும்போதும் வாசலில் ஒட்டியிருக்கும் குறியீட்டில் போனைக் காட்ட வேண்டும். எத்தனை நிமிடம் இருந்தாள் என்பதை அது அலுவலகத்துக்குச் சொல்லிவிடும்.

மேற்பார்வையாளர் யெசிகா ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினாள். அன்னெலியின் மகள் வயதுதான் இருக்கும். யெசிகாவின் தலைக்கு மேலே ஊழியர் நலனுக்காக ஒட்டிய புதுச் சுவரொட்டி: 'சற்றே நில். சின்னச் சின்ன மகிழ்ச்சிகளைக் கவனி.'

"ரூனே வீட்ல மட்டும் ஏன் இவ்ளோ நேரம் ஆகுது அன்னெலி? உங்க வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற சமயம் இது. மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை போய்விட்டால்? இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"அவருக்கு மறதி வந்துடுச்சு," என்றாள். "அடுப்பை அணைக்கறதில்ல. பொங்கி வழிஞ்சு கெடக்கும். எல்லாத்தையும் துடைச்சுட்டு வர வேண்டியிருக்கு."

"ஐயோ! நல்லவேளை சொன்னீங்க. உங்க மாதிரி அக்கறையா யாரு பாக்கறாங்க?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அன்னெலிக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அடுத்த வாரம் ரூனேயின் அடுப்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். திருகுகிற குமிழ்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாப்பாடு இனி டப்பாவில் வரும். கஞ்சி வைக்கும் வேலை இல்லை என்பதால் அந்த வீட்டில் அன்னெலிக்கு இருந்த நேரத்தையும் குறைத்தார்கள்.

"நான் அடுப்பை அணைக்காம விடறேனாம்," என்றார் ரூனே. "யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் ஞாபகம் வரல. மறதின்னா இப்படித்தான் இருக்குமோ என்னமோ. நீ தினமும் வர்றியே, நீ பாத்தியா?"

காலுறையை இழுத்துக்கொண்டிருந்ததால் அவள் நிமிர வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு தடவை பாத்தேன்," என்றாள். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உன்னைப் போய்த் துடைக்க விட்டுட்டேனே. மன்னிச்சுக்கோ."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து குழாயடிக்குப் போனார். வெந்நீர் வரும்வரை விரலை நீட்டிக் காத்திருந்து, இரண்டு கோப்பைகளையும் வெறும் வெந்நீரால் நிரப்பி மேசைக்குக் கொண்டுவந்தார். தன்னுடையதைச் சாசரில் ஊற்றிக்கொண்டு, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

"சூடு பத்தல. இருந்தாலும் உக்காரு, குருவிங்க வந்தாச்சு."

இரண்டாவது கோப்பையின் கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்த அன்னெலியின் சட்டைப்பையில், அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று போன் கத்தத் தொடங்கியது.