முப்பத்திரண்டு இஞ்ச் வாத்தியார்

கணக்கு வாத்தியாருக்கு உலகத்தில் பிடித்த விஷயங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, கரும்பலகையில் படிப்படியாக நிரூபணம் எழுதி, கடைசியில் ‘ஆகவே’ என்று போடுவது. மற்றொன்று, வண்டி ஓட்டும்போது பின்சீட்டிலிருந்து மனைவி பேசுவதைக் கேட்பது. முதலாவதற்குப் பஞ்சமில்லை. இரண்டாவது நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

வண்டிக்கு வயது இருபத்திரண்டு. இன்ஜின் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும்தான் எண்ணெய் கக்கி எப்போதோ உயிரை விட்டிருந்தன. ஒருநாள் வேகத்தடையில் வண்டி ‘தொம்’மென்று இறங்கிய இறக்கத்தில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் படுக்கை. எழுந்ததும் முதல் வேலையாக, “இனிமே நான் பஸ்லயே போய்க்கிறேன்” என்று சொல்லிவிட்டாள்.

அவள் தையல்காரி. அவர் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே அவள் வேலை பார்க்கும் கடை. போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். வீட்டுக்கு வந்தால் அவளுக்கு மெஷின், அவருக்கு விடைத்தாள் கட்டு; பேச்சுக்கு நேரம் ஏது? வண்டியில் ஏறினால்தான் அவள் வாய் திறக்கும். இல்லாத தோளுக்குப் பஞ்சு வைக்கச் சொன்ன மாப்பிள்ளை, ஒரே துணியில் சட்டை கேட்டுச் சண்டை போட்ட இரட்டையர் என்று தினமும் புதுசு புதுசாகக் கதை வரும். அவர் “ம்” கொட்டுவார், சிரிப்பார், சிக்னல் பச்சையானதைக் கவனிக்காமல் பின்னால் வருகிறவர்களிடம் திட்டு வாங்குவார். இப்போது திட்ட ஆளில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே போய்விடுகிறார். அதுதான் கொடுமை.

போதாக்குறைக்கு, வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இன்னொரு கடையில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். “நல்லதுதானே” என்று வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாத்தியாருக்கு அதெல்லாம் வராது. நேரே உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு ஜோடி புது ஷாக் வாங்கிக்கொண்டு வந்தார்.

“ஒரே ஒரு தடவை ஏறிப் பாரு. இடுப்புல அடிச்சா, நீ அந்தக் கடைக்கே போ” என்றார்.

“ஒரே தடவைதான்” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்குமாடியின் கீழே வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வாத்தியார் வேலையை ஆரம்பித்தார். முதல் மாடி பால்கனியில், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் கையில் டீயோடு வந்து நின்றார். அடுத்தவர் வேலை செய்வதைப் பார்ப்பதென்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

“ரெண்டையும் ஒரேயடியா கழட்டிடாதீங்க சார். பின்னாடி மொத்தமும் உக்காந்துரும்.”

“தெரியும்” என்றார் வாத்தியார். அதைத்தான் செய்ய இருந்தார் என்பது வேறு விஷயம். ஒரு பக்கத்தைக் கழற்றி, புதியதை மாட்டி, அப்புறம் அடுத்த பக்கம் போனார். வலது பக்கக் கீழ் போல்ட் துருவேறி, வருவேனா என்று அடம் பிடித்தது. எண்ணெய் விட்டார், தட்டினார், கெஞ்சினார். கடைசியில் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றார். போல்ட் உடனே சரணடைந்தது.

“வெயிட்டுன்னா வெயிட்டுதான்” என்றார் கண்டக்டர்.

அந்தச் சொல்லை வாத்தியார் ரசிக்கவில்லை. ஷாக்கோடு வந்த தாளைப் பிரித்தார். ஸ்பிரிங்கின் அடியில் ஒரு வளையம். அதைத் திருப்பினால் ஐந்து படி. படி ஏற ஏற ஸ்பிரிங் விறைப்பாகும். இருவரின் எடையும் சேர்ந்து நூற்றிருபது கிலோ வரை என்றால் இரண்டாவது படி, அதற்கு மேல் என்றால் நான்காவது படி என்று தாளில் இருந்தது.

“உன் வெயிட்டு?”

“அம்பத்தாறு” என்றாள் அவள், படிக்கட்டில் உட்கார்ந்தபடி. அளவு விஷயத்தில் அவள் பொய் சொல்ல மாட்டாள்.

“நான் அறுபத்திநாலு. மொத்தம் நூத்தியிருபது. கன கச்சிதம்!”

“அறுபத்திநாலு எப்போ பாத்தது சார்?” மேலிருந்து கேள்வி வந்தது.

“கல்யாணத்தப்போ.”

“சார், முப்பது வருஷம் பஸ்ல ஆள் ஏத்தி இறக்கினவன் நான்...”

வாத்தியார் நிமிர்ந்தார். வகுப்பில் நிற்கிற மாதிரியே நின்றார். “கேளுங்க. கல்யாணத்தப்போ என் இடுப்பு முப்பத்திரண்டு. இன்னைக்கும் என் பேன்ட்டுல முப்பத்திரண்டுன்னுதான் அளவுச் சீட்டு இருக்கு. பேன்ட்டு இன்னும் அளவா இருக்கு. இடுப்பு மாறல. ஆகவே, எடையும் மாறல.”

கண்டக்டர் டீயைப் பார்த்துக் குனிந்துகொண்டார். படிக்கட்டில் இருந்தவள் திடீரென்று நகத்தை ஆராய ஆரம்பித்தாள்.

இரண்டாவது படி. நட்டெல்லாம் முறுக்கியாயிற்று. அவள் ஏறி உட்கார்ந்தாள். தெருவில் வண்டி மெத்தையில் போகிற மாதிரிதான் போனது. வாத்தியாரின் நெஞ்சு இரண்டு இஞ்ச் விரிந்தது. முனையில் வேகத்தடை. ஏறியது. இறங்கியது. ‘தொம்.’

“அம்மா!” என்றாள்.

அவர் ஓரமாக நிறுத்தினார். அவள் இறங்கி, இடுப்பில் கை வைத்து இரண்டடி நடந்து பார்த்தாள்.

“வலிக்குதா?”

“வலியில்ல. ஆனா அடிச்சுது.”

பேச்சு பேச்சுதான். அவர் தலையாட்டினார். வண்டியைத் திருப்பி, ஏறாமல், வீட்டைப் பார்த்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். தோற்றுப்போன கணக்கு வாத்தியாரைப் பார்க்கச் சகிக்காது. பத்தடி போனதும் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

“அந்தக் கடைக்கே போ. இடுப்புதான் முக்கியம். எனக்குத்தான்... நீ பின்னாடி இல்லாம நாப்பது நிமிஷம் ரொம்ப நீளமா இருக்கு. அவ்வளவுதான்.”

பதினான்கு வருஷத்தில் இந்த மனிதர் இப்படி ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை. எட்டி நடந்து அவர் பக்கத்தில் வந்தாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. கோவப்படக் கூடாது” என்றாள்.

“என்ன?”

“உங்க இடுப்பு முப்பத்திரண்டு இல்ல.”

“பின்ன?”

“முப்பத்தெட்டு.”

வாத்தியார் வண்டியை ஸ்டாண்டு போட்டார். வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இதைக் கேட்க முடியாது.

“உங்க பேன்ட்டெல்லாம் நான்தானே தைக்கிறேன்? கல்யாணமான ரெண்டாவது வருஷமே ஒரு இஞ்ச் ஏறிடுச்சு. ஆனா நீங்க ஊர்ல எல்லார்கிட்டயும், அன்னைக்கு இருந்த அதே இடுப்புன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தீங்க. மனசு வரல. அளவைக் கூட்டித் தச்சு, அந்தப் பழைய சீட்டையே வச்சுத் தச்சுட்டேன். அப்புறம் வருஷா வருஷம்...”

“வருஷா வருஷமா?”

“முப்பத்திரண்டுன்னு போட்ட சீட்டு மட்டும் தனியா ஒரு டப்பா நிறைய வச்சிருக்கேன்.”

வாத்தியார் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பல வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது, இன்றைக்குத்தான் அறிமுகம். கோபம் வரப் பார்த்தது. பாதி வழியில் அது சிரிப்பாக மாறி, தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வெடித்தது. பயந்துபோயிருந்தவளும் சேர்ந்துகொண்டாள்.

“இத்தனை நாள் சொல்லாதவ, இப்போ ஏன் சொன்ன?”

“சொல்லலேன்னா நீங்க ரெண்டாவது படியிலேயே நிப்பீங்க” என்றாள். “நான் அந்தக் கடைக்குப் போக வேண்டியதாயிடும்.”

வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததுமே கண்டக்டர் கீழே இறங்கி வந்துவிட்டார். இருவரும் வண்டியில் உட்கார, அவர் அவளுடைய டேப்பைப் பிடித்து, வண்டியின் இருக்கைக்கும் சக்கர அச்சுக்கும் இடையே அளந்தார். இவ்வளவுதான் அமுங்கலாம் என்று தாளில் போட்டிருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அமுங்கியது. வளையம் நான்காவது படிக்கு ஏறியது. மறுபடி அளந்தபோது, தாளும் டேப்பும் ஒத்துப்போயின.

“இன்னொரு தடவை ஏறிப் பாக்கிறியா?” வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒரே தடவை என்பதுதானே பேச்சு?

அவள் அதற்குள் ஏறியிருந்தாள்.

தெரு பாதி தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. “நேத்து ஒரு அம்மா வந்தாங்க. பையனோட கல்யாணக் கோட்டைப் பிடிச்சுக் குடுக்கணுமாம். பையன் எங்கேம்மான்னா, வரமாட்டானாம், இவங்களே போட்டுக் காட்டுறாங்களாம்...”

வேகத்தடை வந்தது. ஏறியது. இறங்கியது.

“...நானும் அளவெடுக்கிறேன், எடுக்கிறேன், கோட்டுக் கை ரெண்டும் அவங்க முழங்காலுக்கு வருது...”

வாத்தியார் வண்டியை மெதுவாக்கி, பின்னால் பாதி திரும்பி, “அந்தக் கடைக்கு நாளைக்கு என்ன பதில் சொல்லப் போற?” என்று கேட்டார்.

“எந்தக் கடை?” என்றாள் அவள். “ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. கதையே இனிமேதான் இருக்கு.”