பதினாறு கை ஆழம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. 2007இல் எங்கள் கல்லூரியின் நிலவியல் துறைத் தலைவராகத் தாவீது பொறுப்பேற்றார். பாராட்டு விழா மலருக்கு அவருடைய வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். நான் தமிழ்த் துறை. யார் எதில் உயர்ந்தாலும் எழுதுகிற வேலை என் தலையில்தான் விழும்.

இப்படி ஆரம்பித்தேன்: ‘1991. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில், வெட்டிக்கொண்டிருந்த கிணற்றுக்குள் இளம் ஆய்வாளர் ஒருவர் இறங்கினார். 7.3 மீட்டர் ஆழத்தில், சாம்பல் நிறப் பாறையில், பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இலை ஒன்று அவருடைய சுத்தியலுக்காகக்

(நிறுத்திவிட்டேன். இலை யாருக்காகவும் காத்திருக்காது. என்ன கண்றாவி நடை இது!)

2

எழுத்துக்குக் கொஞ்சம் உயிர் வரட்டும் என்று முசரவாக்கம் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். தாவீதின் அக்கா பட்டம்மாள் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“யாரும்மா எறங்குனது? அவன் அன்னிக்கி மெட்ராஸ்ல, ஆஸ்டல்ல இருந்தான்.”

பேனாவை மூடினேன்.

“நாந்தான் சித்தாளு வேலைக்குப் போயிக்கினு இருந்தேன். மேல நின்னுக்கினு கயித்த இழுப்பேன். அன்னிக்கி ஆழத்துக்குப் பதினாறு கை இழுத்தாதான் கூடை மேல வரும். ஒரு கூடைல சாம்பக் கலர் கல்லு பொளந்து கெடந்துது. உள்ளார எல, நரம்போட. தம்பி கல்லு கல்லுன்னு அலையுதேன்னு முந்தானையில முடிஞ்சிக்கினு வந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, அத வெச்சி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் ஆயிட்டான். கல்லு உங்க காலேஜ்ல கண்ணாடிப் பொட்டில இருக்குது. எம் பொண்ணு ஏஞ்சல் போயி பாத்துட்டு வந்து அழுதுச்சும்மா. பக்கத்துல இருக்கற சீட்டுல எடுத்தவருன்னு மாமா பேருதான் போட்டுக்குதாம். எனுக்கு வேற எதுவும் வோணாம். அந்தச் சீட்டுல எம் பேரு இருக்கணும். நீ எழுதுவியாமா?”

எழுதறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

3

(இந்த இடத்தில் தாவீதைக் கெட்டவராக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். இரண்டு தடவை முயன்றேன். வரவில்லை.)

துறையில் போய்ப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“அளவு பொய் இல்ல மேடம். அக்காவ கயிறு இழுக்கச் சொல்லி டேப் வெச்சி அளந்தேன். ஒரு இழுப்பு ஒன்றரை அடி. பதினாறுக்கு இருபத்தி நாலு அடி. அதான் ஏழு புள்ளி மூணு மீட்டர். வைவால, பாறையில இருந்த எடத்துலேர்ந்து நீயா எடுத்தியான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். எங்க அக்கா கைதான் அளவுன்னு சொன்னா சிரிச்சிருப்பாங்க.”

“இப்ப சொல்லலாமே.”

“கிணத்த மூடி பிளாட் போட்டாச்சு. மறுபடி எறங்கிப் பாக்க முடியாது. மண்ணு குவியல்ல பொறுக்குனதுன்னு தள்ளிடுவாங்க. நான் போனா போறேன். என்கிட்ட படிச்ச ஏழு பேரோட தீசிஸ் அந்த ஏழு புள்ளி மூணு மேல நிக்குது.” கையெடுத்துக் கும்பிட்டார். “மலர்ல வேணாம் மேடம்.”

கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவர் கும்பிடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.*

* மலருக்கு நான் கொடுத்த இரண்டு பக்கத்தில் கிணறே இல்லை. பட்டம், விருது, வாழ்த்து, அவ்வளவுதான். கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான்.

4

முடிவு அ: மேடையில் தாவீது அக்காவை அழைத்து, கண்ணீருடன்

(நான் அந்த விழாவில் இருந்தேன். அக்காவுக்கும் நன்றி சொன்னார், ‘வளர்த்ததற்காக’. பட்டம்மாள் கை தட்டவில்லை.)

முடிவு ஆ: ஏஞ்சல் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சீட்டை

(பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி தாவீதிடம்.)

முடிவு இ: பட்டம்மாள் தம்பியை மன்னித்தார்.

(மன்னிக்கவில்லை. அவரைக் கேட்காமல் நான் மன்னிக்க வைத்தால் அது அயோக்கியத்தனம்.)

5

மலரில் விட்டதைக் கதையாகவாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றவில்லை. மாற்றினால் தாவீது தப்பிப்பார், பட்டம்மாள் மறுபடி காணாமல் போவார். நேற்று முசரவாக்கம் போய், இதுவரை உள்ளதைப் படித்துக் காட்டினேன். பெருமையாகத்தான் படித்தேன், மறைப்பானேன்.

“நல்லாக்குதும்மா. இதுக்கு மேல யாரு பேரு போடுவாங்க?”

“எழுதினவங்க பேரு. என் பேருதான்.”

டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“சொன்னது நானு, எழுதுனது நீ. அவனும் இதத்தாம்மா சொன்னான். கல்லு எடுத்தது நீ, கண்டுபிடிச்சது நானுன்னு.”

சின்ன காஞ்சிபுரம் வந்து சேரும்வரை பஸ்ஸில் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். சொல்வது வேறு, எழுதுவது வேறு என்று நூறு காரணம் அடுக்கினேன். தாவீதிடமும் நூறு காரணம் இருந்தது.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நான் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். ஏழு பேரும் என்னைத் திட்டட்டும். பெயர் போடுகிற ஒரு வரி மட்டும் பாக்கி. அதில் பட்டம்மாள் பெயரைப் போட்டால் தம்பியைக் காட்டிக்கொடுத்த பழி அவர் தலையில் விழும். என் பெயரைப் போட என் கை வரவில்லை. இதுவரை அதை எங்கேயும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பென்சில் இருந்தால் எடுங்கள்.

இடம்: முசரவாக்கம்
ஆழம்: பதினாறு கை
எடுத்தவர்: